லிஃப்ட் இருக்கு என்று சொன்னேன்

கஸ்தூரி அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்தபடி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரட்டைக் கட்டில், சுவரோரம் கழுத்து உயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகள். சமையலறைப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒன்பது பெட்டிகள் இருந்தன.

"இன்னா மேடம், போன்ல கொஞ்சம் சாமான்னு சொன்னியாமே. முழு ஊடே கீது."

அவள் குரலில் கோபம் இல்லை. இட்லிக்கு அரிசி அளக்கிறவள் போல, கண்ணாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் முகம் சுட்டது.

சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. தலையில் ஒரு பழைய பூத்துவாலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். வண்டிக்கார டில்லிபாபு அண்ணன் தன் மனைவியைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சாமான் தூக்க வந்த ஆளே அந்த மனைவிதான் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

இந்தத் தொடரில் போன வாரம், பத்திரப் பதிவு அலுவலகத்தில் நானும் என் கணவரும் கேமராவைப் பார்த்து விழித்ததோடு நிறுத்தியிருந்தேன். இது அதற்கு மூன்று வாரம் கழித்து நடந்தது. காட்டுப்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பழைய ஃபிளாட் எங்களுடையதாகியிருந்தது. வங்கிக் கணக்கில் அந்த மாதம் சாப்பிடும் அளவுக்குத்தான் மிச்சம்.

கொட்டேஷன்

வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தார். போகும்போது என் கைபேசிக்குக் கொட்டேஷன் வந்தது. பார்த்துவிட்டு என் கணவர் சிவகுமாரிடம் காட்டினேன். அவர் அதிகம் பேசமாட்டார். "இதுல வீட்டுக் கடனுக்கு ரெண்டு மாச வட்டி கட்டலாம்" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அன்று முதல் நான் செலவு குறைப்பதில் வெறியாகிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அலுவலகம் விட்டு வரும்போது தினம் ஒரு மருந்துக்கடையில் ஏறி காலி அட்டைப்பெட்டி கேட்பேன். மருந்துப் பெட்டிகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அளவாக இருக்கும், கனம் தாங்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. மளிகைக் கடைப் பெட்டிகளில் கரப்பான்பூச்சியும் சேர்ந்து குடிவரும்.

கண்ணாடிப் பாத்திரங்களைச் சுற்ற யாராவது காசு கொடுத்துக் குமிழித்தாள் வாங்குவார்களா? என் பருத்திப் புடவைகள் எதற்கு இருக்கின்றன? ஊறுகாய் ஜாடியைக் கல்யாணத்தன்று கட்டிய சுங்குடியில் சுற்றினேன். தலையணை உறைக்குள் டம்ளர்கள். ஃபிரிட்ஜ் காய்கறித் தட்டில் பருப்பு டப்பாக்கள். இரண்டு வாரமாக மளிகை வாங்காமல் இருப்பதை வைத்தே ஓட்டினேன். கடைசி வாரம் கொள்ளும் சேமியாவுமாகச் சாப்பிட்டோம்.

பால் காய்ச்சும் நிகழ்ச்சிக்கும் ஆள் கூப்பிடவில்லை. ஒரு புதன்கிழமை அதிகாலை நாங்கள் இருவரும் பைக்கில் போய், ஒரு பாக்கெட் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, அவரவர் வேலைக்குப் போய்விட்டோம்.

இத்தனைக்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் சிவகுமாருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் அவர் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். நான்கு மாதம் சம்பளம் இல்லாத விடுப்பு. சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி அதில் போயிற்று. குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சட்டைக்கு மேலே அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் அவர் நடமாடினார்.

குவார்ட்டர்ஸில் வீடு மாறுவது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர். நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தபோது சின்ன வீட்டிலிருந்து ஓர் அறை கூடுதலாக இருக்கும் வீட்டுக்கு மாறினோம். நான்கு தெரு தள்ளி. வண்டி வைக்கவில்லை. மதுரைக்காரர், வேலூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று அப்பாவோடு ஷிஃப்ட் பார்க்கும் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார்கள். எங்கள் கட்டில் நான்கு தலைகளின் மேல் தெருவில் போனது. நான் கடிகாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். மத்தியானம் அம்மா ஓர் அண்டா எலுமிச்சைச் சோறு கிளறினாள். அவ்வளவுதான் செலவு.

அதனால்தானோ என்னவோ, வீடு மாறக் காசு கொடுப்பது என்றாலே எனக்கு ஏமாந்துபோவது போல இருந்தது. அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்கள் அடுத்த மாதம் அப்பாவின் தோளை எதிர்பார்க்கலாம். எனக்கு அப்படி யாரும் இல்லை என்பது உறைக்கவில்லை. கோவில்பதாகையில் ஆறு வருடம் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது.

எனவே டில்லிபாபு அண்ணனுக்குப் போன் செய்தேன். குட்டி யானை என்று நாம் சொல்லும் அந்தச் சின்னச் சரக்கு வண்டி அவருடையது. வாடகையைப் பேசிப் பேசி இறக்கினேன். அவர் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"சாமான் எத்தினி கீதும்மா?"

"கொஞ்சம்தான் அண்ணே."

"அங்க எத்தினாவது மாடி? லிஃப்ட் கீதா?"

"மூணாவது. லிஃப்ட் இருக்கு."

லிஃப்ட் இருந்தது, அது உண்மை. ஆனால் அதில் சாமான் ஏற்ற வேண்டுமென்றால் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். திரும்பக் கிடைக்காத தொகை. மாடிப்படியில் ஏற்றினால் எதுவும் இல்லை. அந்தக் காசைக் கட்டுவதில்லை என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். டில்லிபாபு அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு ஆளுக்குக் கூலி கேட்டிருப்பார்.

ஒரே நடை

"ரெண்டு நடை அடிக்கணும்" என்றார் டில்லிபாபு அண்ணன், வாசலில் நின்றபடியே.

என் முகம் போன போக்கைக் கஸ்தூரி அக்கா பார்த்திருக்க வேண்டும். "இரு, பாக்கலாம்" என்று உள்ளே போனாள். ஒவ்வொரு பொருளாகக் காட்டிக் கேட்க ஆரம்பித்தாள்.

"இந்த மெத்த எதுக்கு?"

"விருந்தாளி வந்தா."

"கடசியா எப்ப வந்தாங்க?"

எனக்கு நினைவில்லை.

"இந்த டிவி ஸ்டேண்டு?"

"புது வீட்ல டிவியைச் சுவர்ல மாட்டப்போறோம்."

"அப்பால இத்த எங்க மாட்டுவ?"

சிவகுமார் சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கால் ஒடிந்த நாற்காலி, மெத்தை, ஸ்டேண்டு, வாங்கிய தேதியே மறந்துபோன மின்விசிறி, இரண்டு சாக்குப் பழைய நோட்டுப் புத்தகங்கள், துருப்பிடித்த தண்ணீர் டிரம். எல்லாவற்றையும் வாசலுக்கு இழுத்தாள். தெருமுனைக் காயலான் கடைக்காரரை டில்லிபாபு அண்ணன் கூட்டி வந்தார். எனக்காக அவரிடம் பேரம் பேசியதும் அக்காதான். கையில் எதிர்பாராத காசு வந்தது. சாமான் ஒரே நடைக்குள் அடங்கியது.

போனில் பொய் சொன்னவளுக்கு ஒரு நடை வாடகையை மிச்சம் பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு அதனால் நஷ்டம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து எங்கள் குடும்பம் வண்டியேறி முன்னால் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னீர்குப்பம் சிக்னலில் வண்டி நின்றது. காலை வெயிலில் பீரோவின் கண்ணாடி பளிச்சென்று முகத்தில் அடித்தது. மனசு நிறைவாக இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்றுதான்.

மூன்றாம் மாடி

காட்டுப்பாக்கத்தில் இறங்கியதும் சங்கச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர். விதியைச் சொன்னார். நான் படிக்கட்டு என்றேன்.

டில்லிபாபு அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். "லிஃப்ட் கீதுன்னியேம்மா" என்றார். நான் ஏதோ முணுமுணுத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சரியான பதிலாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

கஸ்தூரி அக்கா தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினாள்.

பெட்டிகள் ஏறின. ஃபிரிட்ஜ் ஏறியது. நானும் என்னால் முடிந்ததைச் சுமந்தேன். சிவகுமாரைக் கீழே பைகளுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தேன். எதையும் தொடக் கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன்.

அடுத்து பீரோ. இரும்பு பீரோ, என் அம்மா வீட்டுச் சீர். மேலே டில்லிபாபு அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுக்க, கீழே அக்கா தோள் கொடுத்தாள். நான் பக்கவாட்டில். இரண்டாம் மாடித் திருப்பம் வரை வந்துவிட்டோம். அங்கே திருப்பும்போது கயிறு நழுவியது. பீரோ ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி.

எங்கள் கூச்சல் கேட்டு முன்பே படியேறத் தொடங்கியிருந்த சிவகுமார் ஓடி வந்தார். அக்காவுக்குப் பின்னால் மூன்று படி கீழே நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பீரோவைத் தாங்கப் போனார்.

"சார், நீ வராத" என்றாள் அக்கா. கத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலைப் படியில் ஊன்றி, இடது கையைக் கைப்பிடிக் கம்பிக்கும் பீரோவுக்கும் நடுவில் கொடுத்து, அதை நிறுத்தினாள்.

பீரோ நின்றது. அவள் கை உள்ளே இருந்தது.

டில்லிபாபு அண்ணன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுத்தார். நான் என் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன். கையை வெளியே எடுத்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. அக்கா படியில் உட்கார்ந்தாள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "மொதல்ல அத்த சுவத்தோரம் சாத்து" என்று புருஷனிடம் சொன்னாள்.

நான் கீழே இறங்கி ஓடினேன். செயலாளரிடம் லிஃப்டுக்கான பணத்தைக் கட்டினேன். அவர் ரசீது எழுதவில்லை, படியேறி வந்து அக்காவின் கையைப் பார்த்தார். "மொதல்ல அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததை நாங்க ஏத்துறோம்" என்றார். அவரும் முதல் மாடியிலிருந்த இரண்டு ஐ.டி. வேலைக்காரப் பையன்களும் சேர்ந்து, மிச்சம் இருந்ததை அரை மணி நேரத்தில் மேலே ஏற்றிவிட்டார்கள். பீரோவை இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்டில்.

ஆட்டோவில்

பூந்தமல்லிக்கு ஆட்டோவில் போனோம். மெட்ரோ வேலைக்காகச் சாலை குறுகியிருந்த இடங்களில் ஆட்டோ குலுங்கியது. ஒவ்வொரு குலுங்கலுக்கும் அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அவள் கையை என் மடியில் வைத்திருந்தேன். அவள் உள்ளங்கை மரப்பட்டை போல இருந்தது.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

அவள் தலைத்துண்டை மறு கையால் தளர்த்தினாள்.

"லிஃப்ட் இல்லன்னு சொல்லியிருந்தா இன்னொரு ஆள இட்டாந்திருப்போம்" என்றாள். "காசு இல்லன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்போம். ஒரு ஆளு சேத்தி வந்திருப்போம். நீ தெரிஞ்சிகினே சொல்லல பாரு. அதான் எனக்குக் கோவம்."

ஆஸ்பத்திரி வாசலில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விரலிலும் எலும்பு முறிவு. ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது. பணம் கட்டும் இடத்தில் நான் கட்டினேன். கையில் மிச்சம் இருந்ததையும் அவளிடம் நீட்டினேன். காயலான் கடைக் காசும் அதில் இருந்தது.

"ஆஸ்பத்திரி செலவு நீ குடுத்தது நாயம்" என்றாள். "வண்டி வாடக அவுருகிட்ட குடு. அதுக்கு மேல வேணாம்."

வெளியே டில்லிபாபு அண்ணன் காத்திருந்தார். அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆள் வைத்தால் அவனுக்குக் கொடுத்தது போக டீசலுக்குத்தான் மிஞ்சும். வேண்டாமென்று சொன்னால் வாடிக்கையாளர் வேறு வண்டிக்குப் போய்விடுவார்.

அன்று மாலை புது வீட்டில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், சிவகுமார் என்னைக் கேட்டார். "அந்தக்கா நடுவுல வரலைன்னா அந்த பீரோ எம்மேலதான் வந்திருக்கும், தெரியும்ல?"

தெரியும் என்றேன். சுங்குடிப் புடவையை ஜாடியிலிருந்து பிரித்து மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்

சனிக்கிழமை போன் செய்து, "நாளைக்கு நான் ஆளா வர்றேன்" என்றேன்.

டில்லிபாபு அண்ணன் சிரித்துவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர் தட்டுற கையி அது" என்றாள். "கட்டில கீய வுட்டுரும்."

"விடாம தூக்க நீங்க சொல்லிக் குடுங்க."

மறுமுனையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"ஏயு மணிக்கு ஆவடி மார்க்கெட்டாண்ட வா. புடவ கட்டிகினு வராத."

முதல் ஞாயிறு அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில். சிவகுமாரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கட்டுப்போட்ட கையைக் கழுத்துத் தூளியில் மாட்டிக்கொண்டு அக்கா வாசலில் நின்றபடி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். குனியாதே, குந்து. முதுகால தூக்காதே, தொடையால தூக்கு. பெட்டியை வயிற்றோடு அணைச்சிக்கோ, தள்ளிப் பிடிக்காதே. படியில் ஏறும்போது பேசாதே. கீழே இருக்கிற ஆளுக்குத்தான் கனம், மேலே இருக்கிற ஆளுக்குப் பொறுப்பு.

பத்து மணிக்குள் என் தோள் இரண்டும் எரிந்தன. ஒரு வாஷிங் மெஷினை டில்லிபாபு அண்ணனோடு சேர்ந்து இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த வீட்டு அம்மா எனக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். பெருங்காய வாசனையோடு அவ்வளவு குளிர்ச்சியான மோரை அதற்கு முன் நான் குடித்ததில்லை. நான் எங்கே வேலை பார்க்கிறேன், ஏன் வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அலுவலகத்தில் திங்கட்கிழமை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் ஞாயிறு ஒரு சோபாவின் காலை நிலைப்படியில் இடித்துக் கீறினேன். டில்லிபாபு அண்ணன் தான் செய்ததாகச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாம் ஞாயிறு யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அது ஒரு பாராட்டு என்று அன்று சாயங்காலம்தான் புரிந்தது.

நடுவில் டீ குடிக்கும்போது அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். முதலில் ஆண்கள்தான் தூக்க வந்துகொண்டிருந்தார்களாம். ஒருமுறை வரேன் என்ற ஆள் வரவில்லை. "நானே தூக்கனேன். அப்பால எதுக்கு இன்னொருத்தன்?" என்றாள். சில வீடுகளில் பெண் என்று பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். சில வீடுகளில் பெண் என்பதாலேயே சமையலறைச் சாமானை நம்பிக் கொடுப்பார்கள். எந்த வீட்டில் எந்தப் பெட்டி கடைசியாக ஏறும் என்பதை வைத்து அந்த வீட்டைச் சொல்லிவிடுவாளாம். எங்கள் வீட்டில் எது என்று கேட்டேன்.

"உன் ஊட்டுக்காரரு மருந்துப் பெட்டி" என்றாள். "அத்த நீ யார் கையிலயும் குடுக்கல. மடியிலயே வெச்சிகினு வந்த. அத்தப் பாத்துதான் எனக்குக் கோவம் கொறஞ்சிது."

கூலி

நான்காவது ஞாயிறு கட்டுப் பிரித்திருந்தாள். சுண்டு விரல் லேசாக வளைந்தபடியே நின்றுவிட்டது. அது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. அன்று அவளும் தூக்கினாள், நானும் தூக்கினேன். பூந்தமல்லியில் ஒரு வீட்டை இறக்கி முடித்தபோது மத்தியானம் இரண்டு மணி. வண்டி நிழலில் உட்கார்ந்து மூவரும் பொட்டலத்தில் தக்காளிச் சோறு சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்த அக்கா, சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இன்னாக்கா இது?" என்றேன். அவள் பேச்சு என் வாயில் ஒட்டியிருந்தது.

"நாலு நாளுக்கு."

"ஐயோ, நான் காசுக்கா வந்தேன்?"

"நீ எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியும். வேல செஞ்சல்ல? ஆளுக்கு இன்னா குடுப்பமோ அதுல பாதி. நீ பாதி ஆளுதான்." டில்லிபாபு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "வாங்கிக்கோ. வாங்கலன்னா அடுத்த தபா உன்னக் கூப்ட முடியாது."

வாங்கிக்கொண்டேன்.

பதினைந்து வருடமாக எனக்குச் சம்பளம் வங்கியில்தான் விழுகிறது. வேலை முடிந்த இடத்திலேயே, வியர்வை காய்வதற்குள், கூட வேலை செய்தவள் கையால் நான் கூலி வாங்கியது அன்றுதான் முதல்முறை. நோட்டுகள் ஈரமாக இருந்தன. பேருந்தில் காட்டுப்பாக்கம் வரும் வரை கைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று கஸ்தூரி அக்கா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மறுவாரம் வியாழக்கிழமை, நான் அலுவலகத்தில் இருந்தபோது, அவளிடமிருந்து போன் வந்தது.

"பரிமளா, ஞாயித்துக்கெயம ஒரு பெரிய ஊடு கீது. நாலாவது மாடி. லிஃப்ட் இல்ல, இப்பவே சொல்லிட்டேன். வர்றியா?"